எச்-இண்டெக்ஸ் 31 நல்ல எண்ணா? ஒரு மருத்துவ ஆய்வாளரின் பேரேட்டைப் படிக்கும் விதம்

போன புரட்டாசியில் காரைக்குடி புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்திருந்தார்கள். ஒரு பேராசிரியரின் படம். ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இடம்’ என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே மூன்று எண்கள்: ஆய்வுக் கட்டுரைகள் 142, சைட்டேஷன் 4,860, எச்-இண்டெக்ஸ் 31. தேவகோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கிய என் அண்ணன் மகள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்து, பிஎச்.டி.க்கு கைடு தேடிக்கொண்டிருக்கிறாள்.

“சித்தப்பா, இந்த சார்கிட்டச் சேரலாமான்னு யோசிக்கிறேன். 31-ங்கிறது நல்ல நம்பரா? நீங்கதான் லைப்ரரியில இதெல்லாம் பாத்தவுக, சொல்லுங்களேன்.”

ஒரு கல்லூரி நூலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஆய்வு மாணவர்களுக்குக் கட்டுரை தேடித் தருவதும், விண்ணப்பத்தில் எழுத இந்த எண்களை எடுத்துத் தருவதும் என் அன்றாட வேலை. காரைக்குடி படிப்பால் வளர்ந்த ஊர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இங்கே நடக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜியும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸும் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும், பேனரில் வரும் எண்களைப் படிக்கும் விதத்தைப் பிள்ளைகளை உட்கார வைத்து யாரும் சொல்லித் தருவதில்லை. பிஎச்.டி. என்பது வாழ்க்கையில் நாலைந்து வருடம். அதை ஒருவர் கையில் ஒப்படைக்கும் முன் அவருடைய கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டாமா? அன்று சாயங்காலம் வளவில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிட்டையும் பேரேடும்

எங்கள் ஐயா மலாயாவில், ஈப்போவில், ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர். அன்றன்று நடந்த கொடுக்கல் வாங்கலை வரிசையாகச் சிட்டையில் எழுதுவார். ராத்திரி கடை கட்டிய பிறகு அதிலிருந்து ஒவ்வொரு வரியையும் எடுத்து, அந்தந்த ஆள் பேருக்கு உரிய பக்கத்தில் பதிவார். அதுதான் பேரேடு. சிட்டையைப் பார்த்தால் அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியும். ஓர் ஆளின் மொத்த வரவு செலவும் தெரிய வேண்டுமானால் பேரேட்டைப் புரட்ட வேண்டும்.

ஆய்வுலகத்திலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையின் முடிவிலும், இன்னின்ன முந்தைய கட்டுரைகளிலிருந்து எடுத்துக்கொண்டேன் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒரு கட்டுரை இடம்பெற்றால் அந்தக் கட்டுரைக்கு ஒரு மேற்கோள், அதாவது ஒரு சைட்டேஷன், கிடைத்ததாகக் கணக்கு. அந்தப் பட்டியல் சிட்டை மாதிரி. இந்தக் கட்டுரை யாரை நம்பி எழுதப்பட்டது என்பது அதில் தெரியும். இதை நம்பிப் பின்னால் யார் எழுதினார்கள் என்பதை இதற்குள்ளேயே தேடினால் கிடைக்காது. அவை இன்னும் எழுதப்படாத கட்டுரைகள். யாராவது எல்லாச் சிட்டைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு பேர் வாரியாகப் பதிந்தால்தான் தெரியும்.

அதைச் செய்தவர் யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். அமெரிக்க வக்கீல்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பழைய தீர்ப்பை எந்தெந்தப் புதிய தீர்ப்புகள் எடுத்துக்காட்டியிருக்கின்றன என்று பதிந்து வைத்த புத்தகங்களை வைத்துத்தான் வழக்காடுவார்கள். அதையே அறிவியலுக்கும் செய்யலாம் என்று 1955-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். 1964-ல் அவருடைய ஃபிலடெல்ஃபியா நிறுவனம் முதல் பேரேட்டை வெளியிட்டது. இன்றைக்கு அது வெப் ஆஃப் சயின்ஸ் என்ற பெயரில், கிளாரிவேட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2004-ல் இன்னும் இரண்டு வந்தன: எல்செவியரின் ஸ்கோபஸ், அப்புறம் யாரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய கூகுள் ஸ்காலர்.

மருத்துவ ஆய்வு என்று வந்துவிட்டால் நான்காவதாக ஒன்றையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1996-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பப்மெட். 3 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் அதில் இருக்கின்றன. சைட்டேஷன் எண்ணிக்கைக்கு அது முதல் இடமில்லை. ஒருவர் என்ன எழுதியிருக்கிறார், யாருடன் சேர்ந்து எழுதியிருக்கிறார், எந்தக் கட்டுரை பிறகு திரும்பப் பெறப்பட்டது என்பதற்கெல்லாம் நான் முதலில் போவது அங்கேதான்.

ஒரே ஆளுக்கு இந்தப் பேரேடுகள் ஒரே தொகையைக் காட்டுவதில்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, அச்சுக்கு முன்னால் இணையத்தில் ஏற்றிய முன்பதிப்பு என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சேர்க்கும். அதனால் பெரும்பாலும் அங்கேதான் எண் பெரிதாக இருக்கும். வெப் ஆஃப் சயின்ஸும் ஸ்கோபஸும் தாங்கள் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் எண்ணும். ஆகவே 31 என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி, “எந்தப் பேரேட்டில்?” என்பதுதான். பேனரில் அது எழுதியிருக்கவில்லை.

யார் பேரில் பதிவது?

நம் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

பேரேடு சரியாக இருக்க வேண்டுமானால் பேர் சரியாக இருக்க வேண்டும். செட்டிநாட்டில் பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கிற வழக்கம். ஒரே ஊரில் எத்தனை ராமநாதன், எத்தனை அழகப்பன், எத்தனை மீனாட்சி! நமக்குள் குழப்பம் வருவதில்லை. ஆர்எம்., எஸ்பி., ஏஆர். என்று முன்னால் நிற்கும் இனிஷியலைக் கேட்டதும் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவோம். வெளிநாட்டு ஆய்விதழின் படிவத்துக்கு அது தெரியாது. அது முதல் பேர் என்றும் குடும்பப் பேர் என்றும் இரண்டு கட்டம் காட்டிக் கேட்கும். நாம் இனிஷியலை விரித்து அப்பா பேரை இரண்டாவது கட்டத்தில் போடுவோம். மருத்துவ இதழ்கள் குடும்பப் பேரை முழுசாகவும் மற்றதைச் சுருக்கியும் அச்சிடுகிறவை. விளைவு, பெண் ராத்திரி பகலாக ஆய்வகத்தில் நின்று செய்த வேலை ‘சுப்பிரமணியன் எம்’ என்று வெளிவரும். சுப்பிரமணியன் அவளுடைய அப்பா.

அடுத்த கட்டுரையில் வேறொரு படிவம், வேறொரு மாதிரி நிரப்புவாள். கல்யாணம் ஆன பிறகு இனிஷியல் மாறும். கடைசியில் ஒரே பெண்ணின் பத்துக் கட்டுரைகள் நாலு பேர்களில் சிதறிக் கிடக்கும். இதற்கு நேரெதிரான குழப்பமும் உண்டு. ஒரு முறை ஓர் ஆசிரியரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் அவருக்குச் சம்பந்தமே இல்லாத இதய அறுவைசிகிச்சைக் கட்டுரைகள் ஏறியிருந்ததைப் பார்த்தேன். அதே பேரில் வேறு ஊரில் ஒரு டாக்டர். அந்தத் தளம் தானாகச் சேர்த்துவிட்டது, இவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டுரைகளை எடுத்ததும் அவருடைய மொத்தத் தொகையில் பாதி போய்விட்டது.

இதற்கு மருந்து ஆர்கிட் என்ற அடையாள எண். 2012-லிருந்து இருக்கிறது. 16 இலக்கம், காசு கிடையாது, பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். பேர் எப்படி அச்சானாலும், இனிஷியல் மாறினாலும், எண் மாறாது. முதல் கட்டுரை அனுப்பும் முன்னாலேயே வாங்கிவிடச் சொன்னேன். அன்று ராத்திரியே வாங்கிவிட்டாள்.

142 கட்டுரைகள், ஆனால் எந்த இடத்தில்?

மருத்துவ ஆய்வைத் தனியாளாகச் செய்வது அரிது. ஒரு கட்டுரையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று இருப்பார்கள். பேர்கள் நிற்கும் வரிசைக்குப் பொருள் உண்டு. முதல் பேர் பெரும்பாலும் சோதனைகளைக் கையால் செய்து, முதல் வரைவை எழுதிய ஆள். அநேகமாக ஆய்வு மாணவர். கடைசிப் பேர் ஆய்வகத்தின் தலைவர். பணம் கொண்டுவந்தவர், கேள்வியை வகுத்தவர். சந்தேகம் கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பாளர் என்று ஒருவரைத் தனியாகக் குறித்திருப்பார்கள். அது பெரும்பாலும் கடைசி ஆளாகவே இருக்கும். நடுவில் நிற்கிறவர்கள் ஒரு பகுதி வேலை செய்தவர்கள். ஒருவர் மாதிரி கொடுத்திருப்பார், ஒருவர் புள்ளியியல் பார்த்திருப்பார். வட்டிக்கடையில் முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆளுக்கொரு பொறுப்பு இருந்த மாதிரி இதை நினைத்துக்கொள்ளலாம். கணிதம் போன்ற சில துறைகளில் அகர வரிசையில் பேர் போடுவார்கள். அங்கே இந்த வாசிப்பு செல்லாது.

ஆகவே 142 என்ற எண்ணை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எத்தனையில் முதல் பேர், எத்தனையில் கடைசிப் பேர், எத்தனையில் நடுப் பேர். உலக நோய்ச்சுமையைக் கணக்கிடும் பன்னாட்டுக் கட்டுரைகள் சிலவற்றில் நூற்றுக்கணக்கான பேர்கள் இருக்கும். அவை ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெறும். அதில் நடுவே ஒரு பேராக நின்றவரின் பக்கத்திலும் அந்த ஆயிரங்கள் அப்படியே ஏறும். அவர் செய்த வேலை உண்மையான வேலைதான். ஆனால் அந்தத் தொகையைப் பார்த்து, அவர் தனியாக ஓர் ஆய்வகத்தை நடத்தி ஒரு மாணவியை வழிநடத்தக்கூடியவர் என்று முடிவு கட்ட முடியாது.

கட்டுரையின் வகையும் முக்கியம். புதிதாகச் சோதனை செய்து எழுதியது ஒன்று. பிறர் செய்ததையெல்லாம் தொகுத்து எழுதும் ரிவ்யூ இன்னொன்று. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட் வேறு. ஒரு செய்முறையைச் சொல்லும் கட்டுரை வேறு. ரிவ்யூவும் செய்முறையும் அதிகம் மேற்கோள் வாங்கும். உலகத்திலேயே மிக அதிகமாக மேற்கோள் பெற்ற ஆய்வுக் கட்டுரை, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்கிறது. லௌரியும் கூட்டாளிகளும் 1951-ல் எழுதியது. 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்ரகடா சுப்பாராவ், ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-ல் எழுதிய பாஸ்பரஸ் அளக்கும் முறையும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக எடுத்தாளப்பட்டது. சோதனைச்சாலையில் எல்லோருக்கும் வேண்டிய அம்மியும் ஆட்டுக்கல்லும் மாதிரி இந்தக் கட்டுரைகள்.

தரையில் புளியங்கொட்டை வைத்து ஒரு கணக்கு

இனி எச்-இண்டெக்ஸ். வாயால் சொன்னால் அவளுக்குப் பிடிபடவில்லை. உள்ளே போய்ப் பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டைச் சம்புடத்தை எடுத்து வந்தேன். எங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல் போட்டிருக்கிறது. சதுரம் சதுரமாக இருப்பதால் கணக்கு நோட்டு மாதிரி உதவும்.

கற்பனையாக ஓர் ஆய்வாளர், பத்துக் கட்டுரைகள். மேற்கோள்கள் இறங்கு வரிசையில் 120, 45, 30, 18, 9, 7, 6, 3, 1, 0. சுவரோரம் கட்டுரைக்கு ஒரு கல் வீதம் பத்துக் கற்களை ஒதுக்கினோம். ஒவ்வொரு கட்டுரைக்கும் கிடைத்த மேற்கோளுக்கு, கல்லுக்கு ஒரு கொட்டையாகச் சுவரிலிருந்து முற்றத்தை நோக்கி வைத்துக்கொண்டே வந்தாள். 120-க்குக் கொட்டையும் போதாது, தரையும் போதாது. முதல் நாலு வரிசையும் முற்றத்து ஓரம் வரை போனதும் நிறுத்திக்கொண்டோம். ஐந்தாவதில் ஒன்பது, ஆறாவதில் ஏழு, ஏழாவதில் ஆறு, எட்டாவதில் மூன்று, ஒன்பதாவதில் ஒன்று. பத்தாவது கல் காலி.

“இப்ப அந்தச் சுவர் மூலையில ஆரம்பிச்சு, எல்லாக் கல்லுலயும் கொட்டை இருக்கிற மாதிரி எவ்வளவு பெரிய சதுரம் போட முடியும், பாரு.”

விரலால் கோடிழுத்துப் பார்த்தாள். ஆறுக்கு ஆறு நிறைவாக வந்தது. ஏழுக்கு ஏழு போட்டால் ஏழாவது வரிசையில் ஒரு கல் காலியாக நின்றது. அந்த ஆறுதான் எச்-இண்டெக்ஸ். ஆறு கட்டுரைகளுக்குக் குறைந்தது ஆறாறு மேற்கோள் இருக்கிறது என்று பொருள். 31 என்றால் 31 கட்டுரைகளுக்குத் தலா 31-க்குக் குறையாமல்.

காலியாக இருந்த கல்லில் ஒரே ஒரு கொட்டையை வைத்தேன். சதுரம் ஏழுக்கு ஏழாகிவிட்டது. அப்புறம் கேட்டேன், முதல் கட்டுரையின் 120, 1,200 ஆனால்? கொஞ்ச நேரம் தரையையே பார்த்துவிட்டு, “மாறாது சித்தப்பா, அது ஏற்கெனவே முற்றம் வரைக்கும் போயிருச்சே” என்றாள். இந்த எண்ணின் பலமும் பலவீனமும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. ஒரே ஒரு கட்டுரையால் வீங்காது. அதனாலேயே, உலகத்தை மாற்றிய ஒரு கட்டுரையை எழுதியவரையும் அது அடையாளம் காணாது.

இதை 2005-ல் சொன்னவர் ஜார்ஜ் ஹிர்ஷ், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இருக்கும் இயற்பியலாளர். இருபது வருடம் ஆய்வு செய்தவருக்கு 20 இருந்தால் வெற்றிகரமான விஞ்ஞானி என்று அவர் எழுதியது இயற்பியலை மனதில் வைத்து. மருத்துவத்தில் கட்டுரைகளும் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் பட்டியலும் நீளம். அதனால் அங்கே எண் சீக்கிரம் ஏறும். வயதும் சேர வேண்டும். இந்த எண் ஒருபோதும் இறங்காது. ஓய்வு பெற்ற பிறகும் ஏறிக்கொண்டிருக்கும். முப்பது வருட அனுபவஸ்தரின் 31-ஐயும் எட்டு வருடத்தில் ஒருவர் எட்டிய 15-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பின்னவர்தான் வேகமாக நடக்கிறார். ஹிர்ஷே, எண்ணை வருடத்தால் வகுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

கூகுள் ஸ்காலரில் ஐ10 என்றும் ஒன்று இருக்கும். பத்தும் அதற்கு மேலும் மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எத்தனை என்பது மட்டும்தான் அது. நம் கற்பனை ஆளுக்கு நாலு.

ஆயிரம் ஜன்னலும் சராசரியும்

இம்பாக்ட் ஃபேக்டர் என்று அடிக்கடி காதில் விழும். அது ஆளுக்கு உரிய எண் இல்லை, இதழுக்கு உரியது. ஓர் இதழ் முந்தைய இரண்டு வருடத்தில் 200 கட்டுரை வெளியிட்டு, அவற்றுக்கு இந்த வருடம் 800 மேற்கோள் கிடைத்திருந்தால் 4. அவ்வளவுதான் கணக்கு. சில புற்றுநோய் இதழ்களில் அது நூறைத் தாண்டும், நல்ல பூச்சியியல் இதழில் 3-க்குள் நிற்கும்.

இதை வைத்து ஒரு கட்டுரையை எடைபோடக் கூடாது. ஏன் என்பதற்குக் காரைக்குடிக்காரருக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் ஆயிரம் ஜன்னல் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேருக்கு ஏற்ற மாதிரி அதில் ஆயிரம் ஜன்னல் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் இன்னும் ஒன்பது வீடு, வீட்டுக்குப் பத்து ஜன்னல். சராசரி 109 வரும். தெருவில் நடந்து பார்த்தால் 109 ஜன்னல் உள்ள வீடு ஒன்றுகூட இருக்காது. பெரிய இதழ்களின் எண்ணும் இப்படி ஒரு சில ஆயிரம் ஜன்னல் கட்டுரைகளால் தூக்கிப் பிடிக்கப்பட்டதுதான். இதழின் எண்ணை வைத்து ஆய்வாளரை மதிப்பிட வேண்டாம் என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிப் பேசி, 2013-ல் ஒரு பிரகடனமே வெளியிட்டார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நிறுவனங்களும் ஆய்வாளர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இந்த எண்ணுக்கு இருக்கும் மவுசைப் பார்த்துப் போலிகளும் முளைத்துவிட்டன. எங்கள் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு மாணவர், இரண்டே நாளில் ஏற்றுக்கொண்ட ஓர் ஆன்லைன் ஜர்னலுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டினார். அதன் முகப்பிலேயே இம்பாக்ட் ஃபேக்டர் என்று ஓர் எண் மின்னியது. இம்பாக்ட் ஃபேக்டரை வருடாவருடம் வெளியிடும் கிளாரிவேட் பட்டியலில் தேடினேன். அந்த இதழே இல்லை. அடுத்த வருடம் தளமும் இல்லை, அவருடைய கட்டுரையும் இல்லை. அந்தப் பையன் அன்றைக்கு நூலகத்தில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பணம் கேட்பதாலேயே ஒரு ஜர்னல் போலியாகிவிடாது, யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய நல்ல திறந்தநிலை இதழ்களும் கேட்கின்றன. ஆனால் இரண்டு நாளில் ஒரு மருத்துவ ஆய்வை யாரும் ஒழுங்காகப் படித்துச் சரிபார்க்க முடியாது.

தொகை சொல்லாதவை

நம்மூர் விசேஷத்தில் மொய் எழுதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் ரூபாய் என்று எழுதுவார். பாசத்தில் வைத்த ஆயிரமா, போன வருடம் வாங்கியதற்குத் திருப்பிச் செய்த ஆயிரமா என்று நோட்டில் இருக்காது. மேற்கோளும் அப்படி. தன் பழைய கட்டுரையைத் தானே எடுத்தாள்வது ஓரளவுக்கு நியாயம். தொடர்ச்சியாக ஒரே நோயை ஆராய்பவர் தன் முந்தைய படியைச் சொல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அது பாதிக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். நீ என்னைப் போடு, நான் உன்னைப் போடுகிறேன் என்று கூட்டாகச் செய்வதும் நடக்கிறது. அப்படி வரம்பு மீறிய இதழ்களைக் கிளாரிவேட் தன் வருடாந்தரப் பட்டியலிலிருந்து நிறுத்தியும் வைத்திருக்கிறது.

மேற்கோள் எப்போதும் பாராட்டும் அல்ல. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருப்பதாகச் சந்தேகத்தைக் கிளப்பிய, வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் கட்டுரை 1998-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010-ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதற்கு ஏராளமான மேற்கோள், பெரும்பகுதி அது தவறு என்று சொல்வதற்காக. பேரேட்டில் எல்லாம் வரவாகவே ஏறியிருக்கிறது.

எனக்கு மனம் ஆறாதது இன்னொன்று. ஒரு நோயைப் பற்றி எத்தனை பேர் எழுதுகிறார்களோ அத்தனைக்குத்தான் மேற்கோள் கிடைக்கும். புற்றுநோய்க்கு உலகம் முழுக்க ஆய்வகங்கள். பாம்புக்கடிக்கு? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரி 58,000 உயிர். உலக சுகாதார நிறுவனம் 2017-ல்தான் அதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நம் கண்மாய்க் கரையிலும் வரப்பிலும் நடக்கிறவர்களுக்கு அது தினப்படி பயம். அதை ஆராய்கிறவர்கள் குறைவு, அதனால் அவர்களை மேற்கோள் காட்டக்கூடியவர்களும் குறைவு. பாம்பு விஷத்தை ஆராயும் ஒருவரின் 14, புற்றுநோய்க்காரரின் 31-ஐவிடத் தாழ்ந்தது என்று எந்த மனசாட்சியோடு சொல்வது? இதைச் சரிக்கட்டத்தான், ஒரு கட்டுரையை அதே துறையில், அதே காலத்தில் வந்தவற்றோடு மட்டும் ஒப்பிடும் அளவுகள் வந்திருக்கின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

காலமும் ஏமாற்றும். கொல்கத்தாவின் சம்புநாத் டே 1959-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். காலரா கிருமியையே நீக்கிவிட்ட வடிநீரும் முயலின் குடலில் அதே விளைவை உண்டாக்குகிறது, ஆகவே கொல்வது கிருமி சுரக்கும் நச்சு என்று காட்டினார். காலரா ஆராய்ச்சியையே திருப்பிவிட்ட கண்டுபிடிப்பு. ஆனால் பல வருடம் அதை அவ்வளவாக யாரும் எடுத்தாளவில்லை. நம் நாட்டின் அறிவியல் கழகங்கள் அவரை உறுப்பினராகக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985-ல் இறந்துபோனார். அடுத்த வருடம், சைட்டேஷன் பேரேட்டை உருவாக்கிய அதே கார்ஃபீல்ட், டேயின் பங்களிப்பைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கூட்டாளிகளும் 1963-ல் வெளியிட்ட புரத வரைபடத்தை இன்றைக்கும் உலகத்துப் புரத ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. ‘ராமச்சந்திரன் பிளாட்’ என்று பேரைச் சொல்லிவிட்டு, மூலக் கட்டுரையைப் பட்டியலில் போடாமலே போகிறவர்கள் நிறைய. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட பிறகு யார் சிட்டை எழுதுகிறார்கள்?

அந்தப் பேனருக்கு வருவோம்

2 சதவீதப் பட்டியல் என்பது ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு, ஸ்கோபஸ் தரவை வைத்துத் தயாரிப்பது. எச்-இண்டெக்ஸ் மட்டுமில்லாமல், தனியாளாக எழுதியது, முதல் பேராக, கடைசிப் பேராக எழுதியது என ஆறு அளவுகளைச் சேர்க்கிறார்கள். சுயமேற்கோளை நீக்கிய கணக்கும் தனியாக இருக்கிறது. வாழ்நாள் கணக்கு ஒன்று, ஒரு வருடக் கணக்கு ஒன்று என இரண்டு பட்டியல். எதில் வந்தார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எதில் வந்தாலும் அது உழைப்புக்குக் கிடைத்த மரியாதைதான், அந்த பேனரைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

சரி, அவளுக்கு வேண்டியது கைடு. லேப்டாப்பைத் திறந்து 142-ஐயும் வரிசையாகப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் பிடித்தது, நடுவில் ஒரு தடவை காபி. கடைசி ஐந்து வருடத்தில் அவர் கடைசிப் பேராக நின்றவை 19. அந்தப் பத்தொன்பதிலும் முதல் பேர்களை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஏழு மாணவர்கள் தேறினார்கள், நாலு பேர் பெண்கள். ஒவ்வொருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடினாள். மூன்று பேர் முடித்துவிட்டு வேறு ஆய்வகங்களில் சொந்தமாக எழுதத் தொடங்கியிருந்தார்கள். ஒருவருடைய பேர் முதல் கட்டுரைக்குப் பிறகு எங்கேயும் காணவில்லை. அந்தப் பேருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.

அப்புறம் மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தோம். அதிக மேற்கோள் பெற்றது ஒன்று, போன வருடம் வந்தது ஒன்று, மேற்கோளே இல்லாத ஒன்று. மூன்றாவது எதற்கு என்று கேட்டாள். அவருக்குப் பிடித்துப்போய், பிறர் கவனிக்காவிட்டாலும் விடாமல் செய்கிற வேலை ஒருவேளை அதுவாக இருக்கலாம், படித்துப் பார் என்றேன். அது தோல் பூஞ்சை நோயைப் பற்றியது, நம் மாவட்டத்து நோயாளிகளின் மாதிரிகளை வைத்துச் செய்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தபோதும் அவள் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். இன்று ராத்திரி இங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்று அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள்.